உப்புத் தண்ணீரில் கத்தரி நாற்று

கடலோர ஊர்களில் கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் முதலில் அடிபடுவது நாற்றங்கால்தான். வேர் பிடித்து வளர்ந்த செடி ஓரளவு சமாளித்துவிடும். இரண்டு இலை விட்ட நாற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

உப்பு இரண்டு முறை தாக்குகிறது. மண்ணீரில் உப்பு கூடியதும், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. சில நாட்களில் சோடியம் இலைகளில் சேர்ந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியத்தை நம்பி இயங்குகின்றன. அவை தடுமாறும்போது செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, இலை ஓரம் கருகுகிறது.

நாற்று இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைக் கூட்டி இலைத்துளைகளை மூடுகிறது. ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்துத் தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திவைக்கிறது. இந்த நிறுத்தம் நோயல்ல, தற்காப்பு. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2006இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் டெல்லா புரதங்களை இழந்த செடிகள் உப்பிலும் வளரப் பார்த்தன, பிழைத்தவை குறைவு. குட்டையாக நிற்கும் நாற்றைக் கண்டு பதறி, கிடைத்த வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது அதனால்தான் ஆபத்து. விதை முளைக்க உதவும் ஜிப்ரெலின், முளைத்த பின்பும் உதவும் என்று நம்பிவிடக் கூடாது.

பிராசினோஸ்டீராய்டுகள் என்ற தாவர ஹார்மோன்களின் வழி வேறு. தேனீக்கள் சேகரித்த 227 கிலோ மகரந்தத்திலிருந்து வெறும் 4 மில்லிகிராம் பிராசினோலைடு என்ற அவ்வகை ஹார்மோனைப் பிரித்து, 1979இல் அதன் அமைப்பை அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். செடிக்கே இவ்வளவு சொற்பம் போதும் என்றால் நாம் கொடுக்க வேண்டியதும் சொற்பமே. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், லிட்டருக்கு 5 கிராம் அளவு உப்பிருந்த கரைசலில் கத்தரி நாற்றுகளை வளர்த்து, அதே வகையைச் சேர்ந்த எபிபிராசினோலைடைப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலன் தந்தது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஒரு கிராம் 20,000 லிட்டருக்கு வரும்! அதைவிடக் கூட்டியபோது பலன் கூடவில்லை. நாற்றில் சோடியம் குறைந்தது, பொட்டாசியம் உயர்ந்தது, ஆக்சிஜன் நச்சை முறிக்கும் நொதிகள் சுறுசுறுப்பாயின. சாலிசிலிக் அமிலக் கரைசலில் விதையை ஊறவைத்து நிழலில் உலர்த்தும் விதை நேர்த்தியும் இதே நோக்கில் பல காய்கறிகளில் ஆராயப்பட்டிருக்கிறது.

ஆனால் எந்த ஹார்மோனும் மண்ணிலிருக்கும் உப்பை வெளியேற்றாது. உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே தக்காளி விளைச்சல் சரியத் தொடங்கும். கத்தரி அதற்கும் முன்பே தளரும். தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்காமல் மருந்து வாங்குவது வீண் செலவு. குழித்தட்டில் நாற்று விடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரியாகக் கழுவாத தென்னை நார்க்கழிவிலேயே சோடியமும் குளோரைடும் நிறைய இருக்கும். நல்ல தண்ணீரில் அதை அலசி வடித்து, மின்கடத்துதிறன் இறங்கிவிட்டதை அளந்து பார்த்த பிறகே விதை போட வேண்டும்.