ரீடிங் எங்கேப்பா?



சென்ற செமஸ்டரில் சர்வே ஃபீல்டு புக்கைத் தொலைத்துவிட்டு, கடைசி விடையை மட்டும் ரெக்கார்டில் எழுதிக் கொண்டு போனேன். "ரீடிங் எங்கேப்பா?" என்றார் சார். திருதிருவென முழித்தேன். நமக்காவது மறுநாள் போய் மறுபடியும் அளக்கலாம். பழங்காலத் தாவரங்களை ஆராய்பவர்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

அவர்கள் ஏரி அடியில் படிந்த சேற்றைக் குழாய் செருகி எடுப்பார்கள். மகரந்தத் தூளின் மேலுறை ரொம்பக் கெட்டி. சேற்றுக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். எந்த மரத்துடையது எத்தனை என்று மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். 1916-ல் இம்முறைக்கு அடித்தளம் போட்டவர் சுவீடனின் லென்னார்ட் வான் போஸ்ட்.

"பைன் மரம் 50 சதவீதம்" என்று மட்டும் எழுதினால் போதுமா? 4-க்கு 2-ம் 50 சதவீதம்தான். 400-க்கு 200-ம் 50 சதவீதம்தான். எண்ணிக்கையைக் காட்டினால்தானே நம்பலாம்! வயதும் அப்படித்தான். ரேடியோ கார்பன் முறையில் வரும் வயதைக் காலண்டர் ஆண்டாக மாற்ற ஒரு திருத்தக் கோடு உண்டு. அது அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. 2020-ல் 'இன்ட்கால்20' வந்தது. லேபில் வந்த மூல வயதும் பிழை அளவும் எழுதி வைத்திருந்தால், பழைய ஆய்வையும் இன்று திருத்திக் கொள்ளலாம். இல்லையென்றால் கைவிரிக்க வேண்டியதுதான்.

1988-ல் 'கோமேப்' குழு, பலர் சேர்த்த மகரந்தக் கணக்கையும் ஏரி மட்டக் கணக்கையும் ஒன்றாக்கி, 18,000 ஆண்டுத் தட்பவெப்ப மாற்றத்தை விளக்கியது. ஒரே ஏரியைப் பார்த்தவரால் இது முடியுமா?

"கஷ்டப்பட்டு எண்ணினவன் ஒருத்தன், பேர் வாங்குறவன் இன்னொருத்தனா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட எண்களைக் காசில்லாமல் தரும் 'நியோடோமா' என்ற தகவல் களஞ்சியம் அதற்கும் வழி வைத்திருக்கிறது: எடுத்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். சீனியர் ரெக்கார்டைக் காப்பி அடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நியோடோமா என்பது ஓர் எலி இனத்தின் பெயர். அந்த எலிகள் பொறுக்கிச் சேர்த்த இலையும் விதையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சிக்கு உதவுகின்றன!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் யாருமில்லை. யாரோ எழுதிப் பொதுவில் வைத்ததைப் படித்துத்தான் இதுவரை வந்தேன். பூட்டி வைத்த எண், என் போன்றவனுக்கு இல்லாத எண்.

என் புது ஃபீல்டு புக் பத்திரமாக இருக்கிறது. ஜூனியர்கள் தாராளமாகப் பார்க்கலாம். பேரை மட்டும் சொல்லிடுங்க!

- சிவில் பிரிவு மாணவன், இரண்டாம் ஆண்டு