வண்டிய வித்தாச்சு, பேரை மாத்தியாச்சா?

இந்த எபிசோட் ஒரு எஸ்.எம்.எஸ்.ல ஆரம்பிக்குது.

ராத்திரி பதினோரு மணி. சென்னையில வேலை முடிச்சு அப்பதான் லேப்டாப்பை மூடினேன். போன்ல ஒரு இ-சலான். ஹெல்மெட் போடலைன்னு 1000 ரூபாய் அபராதம். டி.என். 84 நம்பர், காலேஜ்ல நான் ஓட்டின பைக். ஆனா அதை ராஜபாளையத்துல ஒரு கன்சல்டிங் கடையில வித்து ரெண்டு வருஷம் ஆச்சு! போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். ஓட்டுறது யாருன்னே தெரியல. டேங்க் மேல ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான்.

அபராதத்தை விட அந்தப் பையன்தான் என்னைத் தூங்க விடல. அவனுக்கு ஏதாவது ஆனா, கேஸ் யார் மேல வரும்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(30) சொல்றது இதுதான்: வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவரே உரிமையாளர். காசு வாங்கியாச்சு, சாவி கொடுத்தாச்சு, பத்திரத்துல எழுதியாச்சு, எல்லாம் சரி. ஆனா ஆர்.சி.யில பேர் மாறலைன்னா அது லோக்கல்ல கமிட் பண்ணி, புஷ் பண்ணாம விட்ட கோடு மாதிரி. சர்வருக்குத் தெரியாது.

இது சும்மா பயமுறுத்தல் இல்ல. ஒரு கார் பல கை மாறியது, ஆர்.சி. மட்டும் மாறவே இல்லை. 2009இல் அது மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம், பதிவில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலையக் கூடாது என்பதுதான் காரணம். நியாயம்தானே?

சரி, என்ன செய்யணும்? விற்பவர் 14 நாளுக்குள் படிவம் 29 மூலமா ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுத்து பேர் மாத்தணும். லோன் இருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேணும். கடைக்கு விக்கிறீங்களா? 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் வாங்கிய டீலர்கிட்ட வண்டியை ஒப்படைச்சதை ஆன்லைன்ல பதிவு பண்ணலாம். அதுக்கப்புறம் பொறுப்பு அவங்களுக்கு. அங்கீகாரச் சான்று இருக்கான்னு கேளுங்க.

நான் பண்ணின தப்பு, வெத்துப் படிவத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்தது. வாங்குற ஆள் வரும்போது கடைக்காரர் நிரப்பிக்குவார்னு நினைச்சேன். அவர் நிரப்பவே இல்ல.

அப்பா கடையில போய் நோட்டைப் புரட்டி, வாங்கினவரைக் கண்டுபிடிச்சார். மில்லுல வேலை பார்க்கிற அண்ணன். திட்டப் போறார்னு பயந்துட்டே போன் பண்ணினேன். அவர் சொன்னது: "பேர் மாத்தத்தான் அன்னைக்கே காசு கொடுத்தேன் தம்பி. போலீஸ் மறிச்சா, இது என் வண்டின்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல." இன்சூரன்ஸும் தீர்ந்து போயிருந்தது. மாட்டிக்கிட்டது நான் மட்டும் இல்லன்னு அப்பதான் புரிஞ்சது.

சலானைக் கட்டி, இன்சூரன்ஸ் போட்டு, ஒரு நாள் லீவ் எடுத்து ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். வரும்போது பால்கோவா வாங்கிக் கொடுத்தார், பையனுக்கு ஹெல்மெட் நான் வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியா ஒண்ணு. அப்பாவோ தாத்தாவோ இறந்த பிறகும் அவங்க பேர்லயே வண்டி ஓடுதா? 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு, மூணு மாசத்துக்குள் படிவம் 31 கொடுக்கணும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பேரும் சேர்த்துக்கலாம்.

இதைக் கேட்டு முடிச்சதும் பரிவாகன் தளத்துல உங்க பழைய வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. பேர்ல சில எழுத்தை மறைச்சுத்தான் காட்டும். ஆனா நம்ம பேரை நமக்குத் தெரியாதா?