கல் கனமா இருக்கணும். காஸ் கசியாம இருக்கணும்!

மாலை 6 மணி. சென்னைத் தெருவோரக் கையேந்தி பவன்களில் அடுப்பு பற்ற வைக்கும் நேரம். புதிதாக வண்டி போடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தோசைக்கல்.

மெல்லிய தகடு மலிவுதான். ஆனால் மாவு ஊற்றியதும் சூடு இறங்கிவிடும். அடுத்த தோசை ஒட்டிக்கொள்ளும். கனமான இரும்புக் கல்தான் ஈடு கொடுக்கும். புதுக் கல்லை எண்ணெய் விட்டுக் காய்ச்சி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்கணும். ராத்திரி ஈரத்தோடு விட்டால் துருதான்!

காஸ் விஷயத்தில் உஷார்! வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டவிரோதம். வியாபாரத்துக்கென்று 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் வண்டிக்கு அடியிலேயே தேங்கும். டியூபில் சோப்புத் தண்ணீர் தடவினால், குமிழி காட்டிக் கொடுத்துவிடும். விரிசல் விட்ட டியூபை மாற்றாமல் காசை மிச்சம் பிடித்தால், கல்லும் போச்சு, வண்டியும் போச்சு!