ஆய்வுப் போஸ்டர்: கடந்து போகிறவரை நிறுத்துவது எப்படி?

மாதக்கணக்கில் செய்த ஆய்வு. மாநாட்டில் அதைப் பார்க்கிறவர் தருவதோ சில நொடிகள். அதற்குள் அவருக்கு எது தெரிய வேண்டும்? நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்பதுதான்.

அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மைக் மாரிசன் 2019-இல் முன்வைத்த வழி இது: முடிவை ஒரே எளிய வாக்கியமாக, நடுவில், பெரிய எழுத்தில் போடுங்கள். விவரங்கள் ஓரத்தில், முழுக் கட்டுரைக்கு க்யூஆர் கோடு.

ஏ-0 தாளின் அளவு 841-க்கு 1189 மில்லிமீட்டர். இடம்தான் நிறைய இருக்கேன்னு ஆய்வறிக்கையையே ஒட்டிவிடாதீர்கள். பலகை நெட்டுவாக்கிலா, குறுக்குவாக்கிலா என்று கேட்ட பிறகே பிரின்ட் கொடுங்கள்.

யாராவது நின்றால், போஸ்டரைத் திரும்பிப் பார்த்து வாசிக்க வேண்டாம். ‘நீங்க எந்தத் துறை?’ என்று கேளுங்கள். விளக்கத்தை எங்கே தொடங்குவது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.