உப்பைத் தின்ற கார் தண்ணீர் குடிக்க வேண்டும்

மார்கழி விடியற்காலையில் பிரிட்ஜ்வாட்டர் ஸ்ரீ வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு வரும் கார்களைப் பார்த்தால், எது கறுப்பு, எது நீலம் என்று சொல்ல முடிவதில்லை. பனி பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தால் போதும், எல்லாம் ஒரே வெளுப்பு. பெருமாள் கோயில் வாசலில் அத்தனை வண்டிகளும் திருநீறு பூசிக்கொண்டு நிற்கின்றன! இறங்கும்போது கதவில் உரசிய பட்டுப் புடவையிலும் வேட்டி நுனியிலும் அந்த வெள்ளை ஒட்டிக்கொள்கிறது.

வீட்டுக்குப் போனதும் புடவையை உடனே அலசிப் போடுகிறார்கள். கார் மட்டும் அப்படியே நிற்கிறது. "இந்தக் குளிரில் யார் கழுவுவது? அடுத்த பனி வந்தால் மறுபடியும் அழுக்காகத்தானே போகிறது?" என்பது வழக்கமான சமாதானம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் மனிதனுக்குச் சொன்னார்கள். அது காருக்கும் பொருந்தும்.

ஏன் உப்பு?

சாலையில் உப்புப் போடும் வழக்கம் ரொம்பப் பழையதல்ல. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938-ல் அதைப் பரீட்சை பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இன்று அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் உப்பு கொட்டப்படுகிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டிக் கடல் நீரைக் காயவைப்பது போல் எடுப்பதல்ல இது. பெரும்பாலும் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பாறை உப்பு. சமையல் உப்பும் இதுவும் ஒரே சரக்குதான், சுத்தம்தான் குறைவு.

வெறும் தண்ணீர் 32 டிகிரி பாரன்ஹீட்டில் உறைகிறது. உப்புக் கலந்தால் அதற்கும் கீழே போனால்தான் உறையும். 30 டிகிரியில் ஒரு பவுண்டு உப்பு சுமார் 46 பவுண்டு பனிக்கட்டியைக் கரைக்கும். 20 டிகிரியில் அதே உப்பு சுமார் 9 பவுண்டைத்தான் கரைக்கும். 15 டிகிரிக்குக் கீழே உப்பால் அதிகப் பயனில்லை. அதனால்தான் கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். பனி வருவதற்கு முன்பே லாரிகள் சாலையில் இழைக்கோலம் போட்டது போல் வெள்ளைக் கோடுகள் இழுத்துச் செல்வது உப்புக் கரைசல். ஆகவே பனியே பெய்யாமல் போனாலும் கார் உப்பைத் தின்றுவிடும்.

உயிரைக் காக்கும் ஏற்பாடு இது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சாலையைக் காக்கும் உப்பு வண்டியைக் காப்பதில்லை.

இரும்புக்கு வரும் நோய்

துருப் பிடிக்க இரும்பு, தண்ணீர், பிராணவாயு மூன்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடுகிறது. துருப் பிடிக்கும் வேகமும் கூடுகிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகளுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, வண்டியின் அடிப்பாகத்தைக் காயவே விடாது.

கடலோரம் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பிகள் படும் பாட்டைச் சென்னைவாசிகள் அறிவார்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் வர்ணம் பூசிப் பராமரித்தும், அரிப்பினால் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் விடுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில்தான் புதிய பாலம் வந்தது. பாம்பன் கடற்காற்று பல்லாண்டுகளில் செய்ததை, 287-ம் நெடுஞ்சாலையின் உப்புச் சேறு ஒரு காருக்குச் சில குளிர்காலங்களிலேயே செய்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

கதவோரத்தில் துரு வந்தால் அழகு கெடும், விற்கும்போது விலை குறையும். அதோடு போனால் பரவாயில்லை. வண்டியின் வயிற்றுப் பக்கம் மெல்லிய எஃகுக் குழாய்கள் ஓடுகின்றன. பிரேக் மிதித்ததும் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் எண்ணெய் இவற்றில்தான் இருக்கிறது. துரு அரித்துக் குழாய் மெலிந்துவிட்டால், சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. குழந்தை குறுக்கே ஓடி வந்து முழு பலத்தோடு மிதிக்கும் நேரத்தில்தான் அது வெடிக்கும். பிரேக் இரண்டு பிரிவாக இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். ஆனால் வண்டி நிற்கப் பிடிக்கும் தூரம் வெகுவாக நீண்டுவிடும்.

மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பிரேக் குழாய் அரிப்பைப் பற்றி விசாரித்து, 2015-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உப்புப் போடும் மாநிலங்களின் பட்டியலில் நியூ ஜெர்சியும் உண்டு. குளிர்காலம் முழுவதும் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், பழைய வண்டிகளின் பிரேக் குழாய்களைச் சோதியுங்கள், செதில் செதிலாகத் துரு உரிந்தால் மாற்றிவிடுங்கள் என்பதே அதன் சாரம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நியூ ஜெர்சியில் சொந்தக் கார்களுக்கு அரசாங்கப் பரிசோதனையில் பிரேக் முதலியவற்றைப் பார்க்கும் வழக்கம் 2010 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. இப்போது பார்ப்பது புகை விஷயம்தான். கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, எல்லாம் சரி என்று நிம்மதியாக இருப்பது தவறு. பிரேக் குழாயைப் பார்க்க வேண்டியது அவரவர் பொறுப்பு. எண்ணெய் மாற்றக் காரைத் தூக்கும்போது, "குழாய்களை ஒரு தடவை பாருங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் போதும்.

எப்போது, எப்படி?

பனி பெய்து, சாலை காய்ந்து, வெயில் எட்டிப் பார்க்கும் நாளே உகந்த நாள். உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டிய நடுப்பகல் நல்லது. உறைநிலைக்குக் கீழே கழுவினால் கதவும் பூட்டும் உறைந்து திறக்க மறுக்கும். உப்புக் காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கழுவுவது நலம்.

வாளியும் துணியும் கொண்டு மேலே துடைப்பதால் பிரயோஜனமில்லை. உப்புத் துகள் வர்ணத்தைக் கீறிவிடும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உப்பைக் கரைக்க வேண்டும். கார் கழுவும் நிலையத்தில் அடிப்பாகத்தையும் கழுவும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். காசு போட்டுத் தாமே கழுவிக்கொள்ளும் இடமானால், சக்கர வளைவுகளின் உட்புறம், கதவின் கீழ் விளிம்பு, பம்பரின் பின்புறம் ஆகியவற்றில் நிறையப் பாய்ச்சலாம். பிறகு கதவு விளிம்புகளையும் ரப்பரையும் துடைத்து, புறப்பட்டதும் இரண்டு மூன்று தடவை மெதுவாகப் பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்க வேண்டும். கொதிக்கும் வெந்நீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் அது விரிந்து போகும்.

வீட்டு வாசலில் கழுவினால் உப்புத் தண்ணீர் தெருச் சாக்கடை வழியே நேராக ஓடைக்குப் போய்விடும். நிலையத்தில் கழுவுவது அந்த வகையிலும் உத்தமம்.

சூடான கராஜில் நிறுத்தினால் வண்டிக்கு நல்லது என்று நினைப்பவர் உண்டு. உப்போடு நிறுத்தினால் அது கெடுதலே. வெளியில் உறைந்து கிடக்கும்போது துரு மெல்ல நடக்கிறது, கதகதப்பில் ஓடுகிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் விதிவிலக்கில்லை. அவற்றில் பிரேக்குக்கு வேலை குறைவாதலால், தட்டில் படியும் துரு தேய்ந்து போகாமல் தங்கிவிடுகிறது.

உள்ளே கால்மிதியில் படியும் வெள்ளைக் கறைக்கு வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சமமாகக் கலந்து ஒற்றி எடுத்தால் போதும்.

புதுக் கார் வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுவந்து, தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடாத குடும்பம் இல்லை. ஓட்டுகிறவர்களும் உட்காருகிறவர்களும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே அந்தப் பிரார்த்தனை. போகிக்கு வீட்டைக் கழுவும்போது காருக்கும் ஒரு முறை, பங்குனியில் உப்பு லாரிகள் ஓய்ந்ததும் அடிமுதல் நுனிவரை இன்னொரு முறை குளிப்பாட்டி, பிரேக் குழாயையும் பார்த்துவிட்டால் அந்தப் பிரார்த்தனைக்குத் தங்கள் பங்கைச் செய்தவர்களாவார்கள்.