பழி குரங்குக்கு, பாவம் உண்ணிக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குரங்கு செத்து விழுந்தால் பின்னாலேயே மனிதர்களுக்கும் காய்ச்சல் வருகிறது. ஆனால் குற்றவாளி குரங்கல்ல, அதன் ரோமத்தில் ஒளிந்திருக்கும் எள்ளளவு ஜீவன்.

காட்டில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தால் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தியாக வேண்டும் என்பதை கர்நாடகத்தின் மலைநாட்டு மக்கள் 1957-ல் கற்றுக் கொண்டார்கள். ஷிமோகா மாவட்டம் (இன்றைய சிவமொக்கா) சொரபா தாலுகாவில் உள்ள கியாசனூர் காட்டில் கருமுக மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் அந்த ஆண்டு அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குப் போய் வந்தவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பை முறித்துப் போடும் வலி, வாந்தி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தக் கசிவு. அந்த ஒரே ஆண்டில் 466 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

தகவல் புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்கு (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) எட்டியபோது விஞ்ஞானிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. முதலில் குரங்குகள் சாவது, பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சலும் ரத்தப்போக்கும். தென் அமெரிக்கக் காடுகளில் இது மஞ்சள் காய்ச்சலின் அடையாளம். ஆசியாவில் அதுவரை கால் வைக்காத நோய் அது. அதைப் பரப்பக் கூடிய ஏடிஸ் கொசுவோ இந்தியாவில் ஏராளம். மையத்தின் இயக்குநர் டெல்ஃபோர்ட் வொர்க்கும் அவரது குழுவினரும் ஷிமோகாவுக்கு விரைந்தார்கள்.

பயந்தது நடக்கவில்லை. அகப்பட்டது வேறு. ரஷ்யக் காடுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை யாரும் அறிந்திராத புது வைரஸ். அதைச் சுமந்து திரிந்தது கொசுவல்ல, உண்ணி. காட்டின் பெயரே நோயின் பெயராகி, 'கியாசனூர் காட்டு நோய்' என்று மருத்துவ நூல்களில் ஏறியது. மலைநாட்டு மக்களுக்கு அது வெறும் 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய்.

அந்தப் பெயர் பாதி உண்மைதான். குரங்கு இந்த நோயின் கர்த்தா அல்ல, மனிதனைப் போலவே அதுவும் பலி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

இந்த உண்ணியின் வாழ்க்கையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பெண் உண்ணி காட்டுச் சருகுகளுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மழைக்காலம் ஓய்ந்ததும் வெளிவரும் ஆறு கால் குஞ்சுகள் எலி, மூஞ்சூறு, அணில், முள்ளம்பன்றி, குரங்கு என்று எது கிடைத்தாலும் ஏறிக் கொள்கின்றன. வயிறு நிறைய ரத்தம் குடித்ததும் கீழே உதிர்ந்து, தோலுரித்து, எட்டுக் கால் இளம் உண்ணிகளாகின்றன. மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் இந்தப் பருவத்து உண்ணிதான். எள்ளளவே இருப்பதால் ஏறுவதும் தெரியாது, கடிப்பதும் தெரியாது. டிசம்பர் முதல் மே வரை இவற்றின் காலம். காய்ச்சலின் காலமும் அதுவே. முழு வளர்ச்சி அடைந்த உண்ணிகள் மாடு, காட்டெருது, மான் போன்ற பெரிய விலங்குகளைத் தேடிப் போகின்றன. ஒரு பருவத்தில் உடம்பில் ஏறிய வைரஸ் அடுத்த பருவத்திலும் கூடவே இருக்கிறது.

இதில் குரங்கின் பங்கு என்ன? வைரஸ் தொற்றிய குரங்கின் ரத்தத்தில் கிருமி பல மடங்கு பெருகுகிறது. அதைக் குடிக்கும் உண்ணிகள் அத்தனையும் கிருமியைச் சுமக்கத் தொடங்குகின்றன. குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் அதைக் கைவிட்டு உதிர்கின்றன. பிணம் கிடந்த இடத்தைச் சுற்றியுள்ள சருகும் புல்லும் பொறியாகி விடுகின்றன. அந்த வழியே விறகுக் கட்டோடு நடப்பவர் அடுத்த இரை. மூன்று முதல் எட்டு நாட்களில் காய்ச்சல். நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

கியாசனூர் கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு முதலில் கை காட்டப்பட்டது ஆகாயத்தை. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சலீம் அலி தலைமையில் பறவைகளின் கால்களில் வளையம் மாட்டும் பெரும் திட்டம் தொடங்கியதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். அந்தத் திட்டம் பறவைகளின் பயணப் பாதைகளைப் பற்றி ஏராளமாகச் சொன்னது. ஆனால் அவற்றின் மீதான பழி நிலைக்கவில்லை.

கண்களைத் தரைக்குத் திருப்பியவர் கொலம்பியாவின் ஹோர்ஹே போஷெல். தன் நாட்டில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்து விட்டு ஷிமோகாவுக்கு வந்த அவர், காடு வெட்டப்பட்டு வயலும் மேய்ச்சலும் உள்ளே நுழைந்ததையும் நோய் வெடித்ததையும் 1969-ல் முடிச்சுப் போட்டார். மேயப் போகும் மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் அதன் ரத்தத்தில் கொழுக்கும் உண்ணிகள் காட்டோரத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. எண்பதுகளின் தொடக்கத்தில் தென் கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடியில் முந்திரி பயிரிடக் காட்டை அழித்தபோது அவர் சொன்னதற்குச் சாட்சி கிடைத்தது. 1983-ல் மட்டும் சுமார் 1,500 பேர் நோயில் விழுந்தார்கள்.

ஒரு பிராணியின் சாவை எச்சரிக்கையாக எடுத்துக் கொள்வது இந்தியாவுக்குப் புதிதல்ல. பிளேக் காலத்தில் வீட்டில் எலிகள் செத்து விழுந்தால் ஜனங்கள் ஊரைக் காலி செய்து விட்டு வெளியே குடிசை போட்டார்கள். காரணத்தை 1898-ல் கராச்சியில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். எலி செத்துக் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வேறு உடம்பைத் தேடித் தாவுகின்றன. அங்கே தெள்ளுப்பூச்சி, இங்கே உண்ணி, கணக்கு ஒன்றுதான்.

பிளேக் விஷயத்தில் அரசு அந்தப் பாடத்தை மறக்கவில்லை. கோலார், ஓசூர், சித்தூர் பகுதிகள் சந்திக்கும் முக்கூட்டு எல்லையில் வளை தோண்டி வாழும் வெள்ளெலிகளையும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளையும் பெங்களூரில் உள்ள கண்காணிப்புப் பிரிவு பல பத்தாண்டுகளாகப் பிடித்துச் சோதித்து வந்திருக்கிறது. எலியைப் பொறி வைத்துப் பிடிக்கலாம். குரங்கின் சாவை யாராவது பார்த்து, மதித்து, வந்து சொன்னால்தான் உண்டு.

சொல்ல வேண்டிய ஊர்கள் பெருகி விட்டன. பல ஆண்டுகள் கர்நாடகத்தின் சில மாவட்டங்களோடு நின்ற நோய் 2012-ல் பந்திப்பூருக்கு வந்தது. இறந்த குரங்குகளைக் கையாண்ட வனத்துறைப் பணியாளர்களே படுத்தார்கள். அந்தப் பருவத்திலேயே பக்கத்திலுள்ள முதுமலைக் காட்டில் இறந்த குரங்கிலும் வைரஸ் தென்பட்டது. பிறகு கேரளத்தின் வயநாடு, கோவா, 2016-ல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க். 2019-ல் ஷிமோகாவின் சாகர் தாலுகாவில் மீண்டும் மரணங்கள். 2024-ன் முதல் மாதங்களில் கர்நாடகத்தில் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள்.

கையிலிருந்த ஆயுதமும் போய் விட்டது. கர்நாடகத்தில் 1990 முதல் போடப்பட்ட தடுப்பூசி அரைகுறைக் காப்புதான். இரண்டு ஊசி போட்டவர்களுக்கு 62 சதவீதம், ஊக்க ஊசியும் சேர்ந்தால் 83 சதவீதம் பாதுகாப்பு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. போதிய வீரியம் இல்லை என்று தெரிந்ததால் 2022-ல் அது நிறுத்தப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு ஹைதராபாத் நிறுவனம் ஒன்று புதிய தடுப்பூசி தயாரிப்பில் இறங்கியிருக்கிறது. நோயைத் தீர்க்கும் தனி மருந்தும் கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல், ரத்தப்போக்கு முற்றாமல் பார்த்துக் கொள்வதே சிகிச்சை.

காட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்வது சுலபம். பாக்குத் தோட்டத்துக்குத் தழை உரம் காட்டிலிருந்துதான் வர வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் பரப்பச் சருகும் அங்கேதான். சுமந்து வரும் சருகுக் கூடையிலேயே உண்ணியும் வீட்டுக்கு வந்து விடலாம். எனவே சுகாதாரத் துறை சொல்வது சின்னச் சின்னக் காரியங்கள்: கை கால்களில் உண்ணி விரட்டும் எண்ணெய் பூசிக் கொள்வது, உடம்பை மூடிய உடை, திரும்பியதும் வெந்நீர்க் குளியல், துணிகளையும் வெந்நீரில் துவைப்பது.

எல்லாவற்றுக்கும் மேலான காரியம் ஒன்று இருக்கிறது. செத்த குரங்கைத் தொடாமல், அருகில் போகாமல், உடனே சுகாதார நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்வது. சரியான நேரத்தில் தகவல் போனால் பிணம் முறைப்படி அகற்றப்படும், சுற்றிலும் பூச்சி மருந்து தூவப்படும், ஊர் அந்தப் பக்கம் போகாது. வாழையையும் பாக்கையும் நாசம் செய்கிற குரங்கு ஒழிந்தது என்று நிம்மதியோடு நடையைக் கட்டுபவர், அதன் உண்ணிகளை அடுத்து வருபவருக்கு விட்டுச் செல்கிறார். அடுத்து வருவது பெரும்பாலும் விறகு பொறுக்க வரும் அவர் ஊர்ப் பெண்தான்.