ஸ்டார்ட்அப்பில் வேலையா? கம்பெனியின் ஜாதகத்தையும் பாருங்கள்

வேலை தேடித் தரும் வலைத் தளங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1997-இல் நௌக்ரி.காம் வந்தது. அதன் பின் எத்தனையோ தளங்கள் வந்துவிட்டன. இவற்றில் உங்கள் பயோடேட்டாவை ஏற்றுகிறீர்கள். மதிப்பெண், முன் அனுபவம், வாங்கிய சம்பளம் என்று உங்களைப் பற்றிய எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துவிடுகிறது. கம்பெனியைப் பற்றி நீங்கள் பார்ப்பது என்ன? ஒரு லோகோ, 'வேகமாக வளர்ந்து வரும் நிறுவனம்' என்று ஒரு வரி. பெயர் பெற்ற கம்பெனி என்றால் பரவாயில்லை. போன வருடம் தொடங்கிய ஸ்டார்ட்அப் என்றால்?

கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களில் ஊழியர்களின் கருத்துகளைப் படிக்கலாமே என்பீர்கள். படிக்கலாம். ஆனால் 11 பேர் வேலை பார்க்கும் இடத்தில் யார் குறை எழுதினாலும் முதலாளிக்கு ஆளைத் தெரிந்துவிடும். அதனால் பலரும் எழுதுவதில்லை.

என்னுடைய கல்லூரி ஜூனியர் ஒருவர் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, 30 பேர் கொண்ட ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தார். மாதந்தோறும் பே ஸ்லிப்பில் பிஎஃப் பிடித்தம் இருந்தது. பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் ஏழு மாதங்களாக ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. எட்டாவது மாதம் சம்பளமும் நின்றது. இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், அவர் சேர்வதற்கு முன்பே அந்தக் கம்பெனி பிஎஃப் கட்டுவதை நிறுத்தியிருந்தது. இபிஎஃப்ஓ தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அது இருந்தது. அங்கே போய்ப் பார் என்று அவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து அலுவலகம் முடிந்த நேரங்களில் உருவாக்கி வரும் தளம் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு வேலை அறிவிப்பின் பக்கத்திலும் அந்தக் கம்பெனியைப் பற்றிய அரசுப் பதிவுகளைக் காட்டுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கள் தளம் இல்லாமலேயே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்களே பார்த்துவிடலாம்.

பெயரை நம்பாதீர்கள்

முதலில் எங்களைப் படுத்தியது கம்பெனியின் பெயர்தான். பேடிஎம் என்று எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டில் அதன் பெயர் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ். சொமாட்டோ 2025-இல் எடர்னல் ஆனது. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், 2017-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று மாறியது. பெயரை வைத்துத் தேடினால் டேட்டாபேஸ் குழம்பிவிடும்.

இதற்கு வழி சிஐஎன் என்னும் 21 இடங்கள் கொண்ட அடையாள எண். முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. யு என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து எண்கள் தொழிலைக் குறிக்கும். பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, தமிழ்நாடு என்றால் டிஎன். அடுத்த நான்கு எண்கள் கம்பெனி தொடங்கிய ஆண்டு. மூன்று எழுத்துகள் அதன் வகை, பிரைவேட் லிமிடெட் என்றால் பிடிசி. கடைசி ஆறு எண்கள் பதிவு எண். 'பத்தாண்டு அனுபவம் உள்ள நிறுவனம்' என்று விளம்பரம் சொல்லி, சிஐஎன்னில் 2023 என்று இருந்தால் காரணம் கேட்க வேண்டும் அல்லவா? ஆனால் இந்த எண்ணும் மாறக்கூடியதுதான். பங்குச் சந்தைக்குள் நுழைந்தாலோ, பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றினாலோ புது எண் வரும். எனவே பழைய எண்களையும் சேர்த்தே சேமிக்கிறோம்.

கம்பெனியின் லெட்டர் பேடில் சிஐஎன் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆஃபர் லெட்டரின் மேலேயோ கீழேயோ தேடுங்கள். அதை எடுத்துக்கொண்டு கம்பெனி விவகார அமைச்சகமான எம்சிஏவின் தளத்துக்குச் சென்று, 'மாஸ்டர் டேட்டா' பகுதியில் கொடுங்கள். நிலை 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்றால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள் என்று பொருள். கடைசியாகத் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டின் தேதியையும் பாருங்கள். மார்ச் 31-இல் முடியும் ஆண்டின் கணக்கை வழக்கமாக செப்டம்பர் 30-க்குள் பொதுக்கூட்டத்தில் வைத்து, அதிலிருந்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். இரண்டு வருடம் பின்தங்கி இருந்தால் நல்ல அறிகுறி அல்ல.

அதே பக்கத்தில் உள்ள 'பெய்ட் அப் கேபிடல்' தொகையைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். 10 ரூபாய் முகமதிப்புள்ள 10,000 பங்குகள் உள்ள கம்பெனியின் மூலதனம் ஒரு லட்சம். ஒரு முதலீட்டாளர் வந்து, பங்கு ஒன்றுக்கு 25,000 ரூபாய் கொடுத்து 2,000 புதிய பங்குகளை வாங்குகிறார். கம்பெனிக்கு 5 கோடி ரூபாய் வந்துவிட்டது. மூலதனம் என்ற கட்டத்தில் ஏறுவதோ வெறும் 20,000 ரூபாய்தான். மீதி எல்லாம் பிரீமியம் என்ற வேறு கணக்கில் போய்விடும்.

பத்துக்கு எத்தனை?

'ஒவ்வொரு கம்பெனிக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடேன், பார்ப்பவர்களுக்கு வசதி' என்று என் நண்பர் விடாமல் கேட்டார். எனக்குச் சம்மதமில்லை. காரணத்தை எக்செல்லிலேயே காட்டுகிறேன். ஏ1 செல்லில் 8, ஏ3 செல்லில் 4 என்று டைப் செய்யுங்கள். ஏ2 செல்லைக் காலியாக விடுங்கள். மூன்றுக்கும் ஆவரேஜ் பங்ஷன் கொடுத்தால் விடை 6. இப்போது ஏ2-இல் 0 என்று டைப் செய்யுங்கள். விடை 4 ஆகிவிடும். காலி வேறு, பூஜ்ஜியம் வேறு.

ஆறு மாதக் கம்பெனிக்குத் தாக்கல் செய்ய இன்னும் பேலன்ஸ் ஷீட்டே இருக்காது. 20 பேருக்குக் குறைவான கம்பெனிக்கு பிஎஃப் பொதுவாகக் கட்டாயமும் இல்லை. அங்கெல்லாம் பூஜ்ஜியம் போட்டால் நேர்மையான புதுக் கம்பெனி கீழே போகும். ஒழுங்காகப் படிவம் மட்டும் தாக்கல் செய்துகொண்டு சம்பளத்துக்குத் திணறும் பழைய கம்பெனி மேலே வரும். அந்த மார்க்கை நம்பி ஒருவர் இருக்கிற வேலையை விடுவார். ஆகவே மார்க் கிடையாது. தகவல் இல்லாத இடத்தில் 'பதிவு இல்லை' என்று எழுதி, பக்கத்தில் காரணத்தைக் காட்டுகிறோம்.

பிஎஃப் விவரத்தை நீங்களே பார்க்க, இபிஎஃப்ஓ தளத்தில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' பக்கத்துக்குச் செல்லுங்கள். கம்பெனியின் பதிவுப் பெயரைக் கொடுத்துத் தேடி, பணம் கட்டிய விவரத்தை க்ளிக் செய்தால் எந்த மாதத்துக்கு எவ்வளவு தொகை, எத்தனை ஊழியர்களுக்கு என்று வரிசையாக வரும். ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 42 என்று இருந்த ஊழியர் எண்ணிக்கை திடீரென 19 ஆகியிருந்தால், இன்டர்வியூவில் அதைக் கேளுங்கள்.

வங்கியில் உள்ள பணம் எத்தனை மாதம் வரும் என்பது எந்த அரசுத் தளத்திலும் கிடைக்காது. கம்பெனிதான் சொல்ல வேண்டும். கணக்கு சுலபம். கையில் 3 கோடி, மாதச் செலவு 35 லட்சம், வரவு 10 லட்சம் என்றால் மாதம் 25 லட்சம் கரைகிறது. 12 மாதம் தாங்கும். தலா 50,000 ரூபாய்க்குப் புதிதாக 10 பேரைச் சேர்த்தால் 10 மாதம்தான். கம்பெனி சொல்லும் பதிலை எங்கள் தளத்தில் வேறு நிறத்தில், தேதியுடன் போடுகிறோம். அரசுப் பதிவுடன் அது கலந்துவிடக் கூடாது.

சம்பளத்தில் ஒரு பகுதியை இசாப் என்னும் பங்குகளாகத் தருகிறோம் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு வருடத்துக்கு முன் விலகினால் எதுவும் கிடைக்காது. பெரும்பாலும் நான்கு வருடத்தில்தான் முழுதும் உங்களுடையதாகும். அப்போதும் அதை வாங்க நீங்கள் ஒரு விலை கொடுக்க வேண்டும். பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கைச் சந்தையில் விற்கவும் முடியாது. '5,000 பங்குகள்' என்றால் மொத்தப் பங்குகள் எத்தனை என்று கேளுங்கள். ஒரு லட்சத்தில் 5,000 என்பது ஐந்து சதவீதம். ஒரு கோடியில் 5,000 என்பது 0.05 சதவீதம்.

இந்தக் கேள்விகளை எல்லாம் ஒரே பக்கத்தில் பிரிண்ட் எடுக்க எங்கள் தளத்தில் ஒரு பட்டன் வைத்திருக்கிறோம். நீங்கள் வேர்டில் டைப் செய்தும் எடுத்துக்கொள்ளலாம். இன்டர்வியூ முடியும்போது 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். அப்போது அந்தப் பேப்பரை எடுத்து மேஜை மீது வையுங்கள்.